மட்டம் தட்டுறதுல இத்தனை ரகமா?

'மச்சி, அவன் என்னை டிஃபேம் பண்ணிட்டான்!' கேன்டீன்ல அடிக்கடி கேட்கிற டயலாக். என்ன சொன்னான்னு விசாரிச்சா, 'உனக்கு பேட் பிடிக்கவே தெரியாது'ன்னு சொல்லியிருப்பான். ஃப்ரெண்ட்ஸ், அது டிஃபேம் இல்லை!

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் ஒருத்தர் கப் செய்து விற்கிறார்னு வைங்க. அவரை வைத்தே வித்தியாசம் பார்த்துடலாம்.

டிஸ்பேரேஜ்: 'இதெல்லாம் ஒரு கப்பா?' என்று மட்டம் தட்டுவது.

டெனிகிரேட்: 'கறுப்பாக்கு' என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லில் பிறந்தது. நம்ம ஊர் 'கரி பூசுறது'. 'இத்தனை வருஷத்துல அவர் உருப்படியா என்ன செஞ்சார்?' என்று அநியாயமாகப் பேரைக் குறைப்பது.

மலைன்: கெட்ட எண்ணத்தோடு இல்லாததைக் கிளப்பிவிடுவது. 'காசு வாங்கிட்டு சரக்கே அனுப்ப மாட்டார்!'

விலிஃபை: ஆளையே வில்லனாக்குவது. 'அவன்லாம் மனுஷனே இல்லை' என்று ஊரையே அவருக்கு எதிராகத் திருப்புவது.

டிஃபேம்: பழி மூன்றாவது ஆளின் காதுக்குப் போய், பேர் கெடுவது. இது கோர்ட் வார்த்தை. வாயால் சொன்னால் ஸ்லாண்டர். எழுத்திலோ படத்திலோ வந்தால் லைபல். நம்ம கிரிமினல் சட்டத்தில் இரண்டும் ஒரே பிரிவுதான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. அதிகபட்சம் 2 வருஷம் ஜெயில். 'உண்மையைத்தானே சொன்னேன்' என்றாலும் தப்பிக்க முடியாது. சொன்னதில் பொதுநலனும் இருக்கணும்.

அப்போ யாரையும் விமர்சிக்கவே கூடாதா? 2006-ல் இதே விருத்தாசலத்தில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவர் விஜயகாந்த். பின்னாளில் தமிழக அரசை விமர்சித்ததற்காக அவர் மேல் அவதூறு வழக்குகள் பாய்ந்தன. 2016 ஜூலையில், அவருக்கும் பிரேமலதாவுக்கும் திருப்பூர் கோர்ட் பிறப்பித்த வாரண்டை சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது. அரசை விமர்சிப்பவர்கள் மேல் இந்தச் சட்டத்தை ஆயுதமாக வீசக் கூடாது என்றும் சொன்னது. ஆனால், அதே வருஷம் மே மாதம் 'இந்தச் சட்டம் செல்லும்' என்று தீர்ப்பளித்ததும் சுப்ரீம் கோர்ட்தான்!

அதனால கிளாஸ் குரூப்ல அடுத்தவரைப் பற்றி டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் யோசிங்க பாஸ். கப்பில் கீறல் இருந்தா, 'கீறல் இருக்கு'ன்னு தாராளமா சொல்லுங்க, அது விமர்சனம். செஞ்சவரை 'திருடன்'னு எழுதணுமா? ஆதாரம் கையில் இருக்கணும். இல்லேன்னா, அந்த மெசேஜை ஃபார்வர்டு பண்றதும் வம்புதான்!