சுள்ளிக்கு ஏற்ற அடுப்பு

முதுகுப்பையில் கொண்டுபோகும் விறகடுப்புக்கு எரிபொருள் சுமக்க வேண்டியதில்லை. வழியில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியே போதும். அதன் பலமும் பலவீனமும் இதுதான். ஆகவே அடுப்பின் அழகைப் பார்க்குமுன், போகிற இடத்தில் என்ன விறகு கிடைக்கும், அது காய்ந்திருக்குமா, அங்கே தீ மூட்டலாமா என்று பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்கே முதலில் விடை தேடுவது நல்லது. கலிஃபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் 9,600 அடிக்கு மேல் விறகுத் தீக்கு அனுமதி இல்லை. அந்த உயரத்தில் மரம் மிக மெதுவாக வளர்கிறது. விழுந்த கட்டை அங்கேயே மக்கினால்தான் மண்ணுக்குச் சத்து. கோடையில் தீக்கட்டுப்பாடு வரும்போது அமெரிக்கக் காடுகள் பலவற்றில் எரிவாயு அடுப்பு போலத் திருகி மூடக்கூடியவற்றை மட்டும் விட்டுவைப்பார்கள். வாயுவைத் திருகி மூடினால் நொடியில் அணைந்துவிடும். விறகுக்கு அப்படியொரு திருகு இல்லை, பொறியும் பறக்கும். தமிழ்நாட்டிலோ காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின், மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளும் வந்தன. இங்கே இந்த அடுப்புக்குரிய இடம் சொந்தத் தோட்டமும் அனுமதியுள்ள முகாமும்தான்.

எடைக்காகவே விறகடுப்பு வாங்குவோர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எரிவாயு அடுப்புகளில் சிறியது 100 கிராமுக்குள் அடங்கும். 100 கிராம் வாயு அடைத்த டப்பாவின் மொத்த எடை சுமார் 200 கிராம். காற்றில்லாத நாளில் அது ஏழெட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். விறகடுப்புகளில் பெயர்பெற்ற சோலோ ஸ்டோவ் லைட் மட்டுமே 255 கிராம். இரண்டு நாள் நடைக்கு இதனால் மிச்சமாவது அற்பம். கடை கண்ணி இல்லாத பாதையில் ஒரு வாரம், பத்து நாள் நடப்பவருக்குத்தான் உண்மையான லாபம்.

விறகு எவ்வளவு வேண்டும்? ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் தேவை. காற்றில் உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். அதில் ஆறில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் சேருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 130 கிராம் சுள்ளி போதும். ஆனால் அது காய்ந்த சுள்ளியாக இருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராகவே இருக்கும். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிவிடும்.

அடுப்புகளுக்குள் உள்ள வேறுபாடு காற்று போகும் வழியில் இருக்கிறது. சூடேறிய விறகிலிருந்து முதலில் ஈரம் வெளியேறும். 200, 300 டிகிரியில் விறகு சிதைந்து வாயுக்களை விடும். காய்ந்த விறகின் எடையில் சுமார் முக்கால் பங்கு இப்படி வாயுவாகிறது. சுடராகத் தெரிவது அந்த வாயு எரிவதே. சூடும் காற்றும் போதாவிட்டால் அது எரியாமலே தப்பிவிடும். புகை என்பது வீணாய்ப்போன எரிபொருள்.

அந்த இழப்பைக் குறைக்க வந்தது இரட்டைச் சுவர் அடுப்பு. கீழ்த் துளைகள் வழியாக நுழையும் காற்றில் ஒரு பகுதி சல்லடைத் தட்டு வழியே நெருப்புக்குப் போகும். மீதி இரு சுவர்களுக்கு நடுவே சூடேறி எழுந்து, விளிம்பை ஒட்டிய மேல் துளைகளில் வெளிப்பட்டு, புகையாகப் போகவிருந்த வாயுவை எரிக்கும். அமெரிக்காவின் தாமஸ் ரீட் 1980களில் உருவாக்கிய வாயுவாக்க அடுப்புக்கு இது உறவு. விளம்பரங்கள் இதையும் வாயுவாக்க அடுப்பு என்றே அழைக்கின்றன, சற்று மிகைதான். சுள்ளியை நிரப்பி மேலிருந்து பற்றவைப்பது சிறந்த முறை. மேல் துளைகளை மூடும்படி திணித்தால் இரட்டைச் சுவருக்கு வேலையே இல்லை, புகைதான் மிஞ்சும். கட்டைவிரல் பருமனுக்குள், விரல் நீளத்துக்கு ஒடித்த குச்சியே இதற்கு ஏற்றது. சில நிமிடங்களுக்கொரு முறை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரத்துக்குள் அடங்கும் அளவில் இருப்பது இதன் இன்னொரு வசதி.

தகடு தகடாக மடங்கும் பெட்டி அடுப்பு இத்தனை நுட்பமானது அல்ல, ஆனால் பொறுமைசாலி. பக்கத்து வாய் வழியே நீளக் குச்சியை விட்டு, எரிய எரிய உள்ளே தள்ளலாம். ஈர விறகையும் ஓரளவு சமாளிக்கும். மழையில் சிறு சாராய அடுப்பை உள்ளே வைத்து, இதைக் காற்றுத் தடுப்பாகவும் பாத்திரத் தாங்கியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். வெப்பம் நாற்புறமும் சிதறுவது இதன் குறை. மழைக்காட்டுப் பகுதிகளில் நடப்பவருக்கு இரட்டைச் சுவரைவிட இதுவே உகந்தது.

விசிறி வைத்த அடுப்பு வேறு சாதி. பயோலைட் கேம்ப்ஸ்டோவ் நெருப்பின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுத்து விசிறியைச் சுழற்றும். இரண்டாம் மாதிரி கைப்பேசிக்கும் 3 வாட் வரை தரும். எடை 935 கிராம். வண்டியில் முகாமுக்குப் போவோருக்குச் சரி, முதுகில் சுமப்போருக்கு அதிகம்.

அயர்லாந்தின் மேயோ பகுதியிலிருந்து வரும் கெல்லி கெட்டில் தண்ணீர் காய்ச்சுவதற்கென்றே அமைந்தது. நடுவே புகைபோக்கி, அதைச் சுற்றித் தண்ணீர். காற்று பலமாக வீசினால் இன்னும் வேகமாகக் கொதிக்கும். தக்கையை எடுக்காமல் சூடாக்கினால் நீராவி அழுத்தம் ஏறி ஆபத்தில் முடியும்.

உலோகத்தில் எவர்சில்வரும் டைட்டானியமும்தான் கருத வேண்டியவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஊதிவிட்ட தணல் அதைத் தாண்டும். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் பாதியைச் சற்றே மிஞ்சும். விலை அதிகம், மெல்லிய தகடு சூட்டில் நெளிந்து பூட்டுக்குள் நுழைய மறுக்கும். கிராமுக்குக் கிராம் எண்ணாதவருக்கு எவர்சில்வரே போதும். பழைய டப்பாவில் தாமே அடுப்பு செய்வோர் துத்தநாகம் பூசிய தகரத்தைத் தவிர்க்க வேண்டும்; அந்தப் பூச்சு எரிந்து வரும் புகை நச்சு.

வாங்குமுன் அடித்தட்டு உண்டா என்று பார்ப்பது அவசியம். அடித்தட்டில்லாத அடுப்பு மண்ணைக் கருக்கும். சருகு மக்கிய தரையில் நெருப்பு வேர்களுக்குள் இறங்கி, மணிக்கணக்கில் கனன்று வேறிடத்தில் தலைகாட்டும். கூடாரத்துக்குள் இவற்றில் எதையும் மூட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. உள்ளே எரிக்கவென்றே புகைபோக்கியோடு வரும் கூடார அடுப்புகள் தனி வகை. அவற்றுக்கேற்ற கூடாரத் துணியும் தனி.

கரி பிடிப்பதைத் தடுக்க வழியில்லை. பாத்திரத்தின் வெளிப்புறம் முன்கூட்டியே சோப்பைக் குழைத்துத் தடவினால் கழுவுவது எளிது. அடுப்பு தானாக ஆறும்வரை காத்திருந்து, சாம்பல் முழுதும் குளிர்ந்தபின் உறையில் போட வேண்டும். தணல் மேல் நேரே தண்ணீர் ஊற்றினால் மெல்லிய தகடு கோணிவிடும்.