முதல்வரே எம்.எல்.ஏ! - ஸ்ரீரங்கத்தின் ஜெயலலிதா ஆண்டுகள்

ஸ்ரீரங்கம் அரசுப் பொறியியல் கல்லூரியைத் தேடி ராஜகோபுரத்தடியில் இறங்கினால் ஏமாந்துபோவீர்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சி நகரத்தையும் தாண்டி, மதுரை நெடுஞ்சாலையில் சேதுராப்பட்டிக்குப் போக வேண்டும். கோயில் இருக்கும் தீவு, ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதியின் ஒரு பகுதி மட்டும்தான். தென்கரையின் கிராமங்களும் அதில் சேர்த்தி. அந்தக் கல்லூரி தொடங்கிய 2013-ல் தொகுதியின் எம்.எல்.ஏ, தமிழ்நாட்டின் முதல்வர். ஜெயலலிதா.

அவர் பிறந்தது 1948 பிப்ரவரி 24-ல், அன்றைய மைசூர் ராஜ்ஜியத்தின் மேல்கோட்டையில். தாய்வழித் தாத்தா ரங்கசாமி ஐயங்காரின் பூர்வீகம் ஸ்ரீரங்கம். இரண்டு வயதில் அப்பாவை இழந்தவர், பள்ளிப் படிப்பில் கெட்டிக்காரி. படிக்க ஆசைப்பட்டவரைக் குடும்பச் சூழல் சினிமாவுக்கு அழைத்துவந்தது. 1965-ல் 'வெண்ணிற ஆடை', 1982-ல் அ.தி.மு.க, 1984-ல் மாநிலங்களவை, 1991-ல் 43 வயதில் முதல்வர். இந்தக் கதை நமக்கெல்லாம் மனப்பாடம்.

போடிநாயக்கனூர், பர்கூர், ஆண்டிபட்டி என்று தொகுதி மாறியவர், 2011-ல் பூர்வீகத்துக்கே வந்தார். 1,05,328 வாக்குகள், தி.மு.க-வின் ஆனந்தைவிட 41,848 அதிகம். மே 16-ல் மீண்டும் முதல்வரானார்.

வி.ஐ.பி தொகுதி என்றால் என்னவென்று ஸ்ரீரங்கம் அப்போதுதான் பார்த்தது. நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் வந்தன. சேதுராப்பட்டிக்குப் பொறியியல் கல்லூரியோடு மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி-யும். கொள்ளிடக் கரையோரம் பக்தர்கள் தங்க யாத்ரி நிவாஸ். 2012 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கிய முதல் இரண்டு கோயில்களில் ஸ்ரீரங்கம் ஒன்று, பழனி இன்னொன்று. பக்கத்துத் தொகுதிக்காரர்கள் பெருமூச்சு விட்டிருந்தால் தப்பில்லை. மாநிலத்தின் பணம் முதல்வரின் தொகுதியைப் பார்த்து ஓடுவது நியாயமா என்று அவர்கள் கேட்டிருந்தாலும் தப்பில்லைதான்.

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சொத்துக்குவிப்பு வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா, 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். முன்பாக இருந்தால், 3 மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்து பதவியைக் காப்பாற்றிக்கொள்ள சட்டத்தில் வழி இருந்தது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. தீர்ப்பு வந்த நாளிலேயே முதல்வர் பதவியும் போனது, எம்.எல்.ஏ பதவியும் போனது. தண்டனையால் பதவியிலிருக்கும் முதல்வர் ஒருவர் தகுதி இழந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஸ்ரீரங்கம், ஒரே நாளில் எம்.எல்.ஏ இல்லாத தொகுதியானது.

2015 பிப்ரவரி 13-ல் இடைத்தேர்தல். அ.தி.மு.க-வின் வளர்மதி 96,516 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயலலிதா வாங்கியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! ஆளுங்கட்சியின் இடைத்தேர்தல் பலம் என்று சொல்லலாம். அனுதாபமும் இருந்திருக்கும். ஆனால், ஊழல் வழக்கில் தண்டனை பெற்றதால் காலியான தொகுதியில் அதே கட்சிக்கு இவ்வளவு வாக்குகள் விழுந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவிக்க, மே 23-ல் மீண்டும் முதல்வரானார். இந்த முறை சென்னை ஆர்.கே.நகரில் நின்றார், 2016 பொதுத்தேர்தலிலும் அங்கேயேதான். ஸ்ரீரங்கத்துக்கு அவர் வேட்பாளராகத் திரும்பவே இல்லை. 2016 டிசம்பர் 5-ல் காலமானார். இரண்டே மாதங்களில், 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, மற்ற மூவருக்கும் தண்டனையை உறுதிசெய்தது. இறந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு மட்டும் முடித்துவைக்கப்பட்டது.