மர ப்ரொப்பெல்லர் கிடைச்சா முதல்ல என்ன பார்க்கணும்?

கம்மாபுரத்துல இருந்து உளுந்தூர்பேட்டை ரொம்ப தூரமில்லை. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதனால, "அங்க இறங்குன பாம்பரோட ரெக்கை தம்பி" என்று யாராவது ஒரு மர ப்ரொப்பெல்லரைக் காட்டி விலை சொன்னால் உடனே நம்பிடாதீங்க. அந்தக் காலத்துப் பெரிய போர் விமானங்களில் பெரும்பாலும் கோணம் மாற்றக்கூடிய தனித்தனி பிளேடுகள்தான். நடுப்பகுதியும் இரண்டு பிளேடும் சேர்ந்தே ஒரே மரமாக இருந்தால், டைகர் மாத் மாதிரி சின்ன பயிற்சி விமானத்துடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நம்ம விமானப்படை பைலட்கள் பலர் பறக்கப் பழகியது அதில்தான்.

முதலில் ஹப்பைப் பாருங்க. டிராயிங் நம்பர், எஞ்சின் பெயர், விட்டம், பிட்ச் எல்லாம் அங்கேதான் குத்தியிருப்பார்கள். அதுதான் அதோட ஆதார் கார்டு. பாலிஷ் போடுறேன்னு உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் முதலில் அழிவதும் அதுதான். தயவுசெய்து தேய்க்காதீங்க!

எழுத்தே இல்லையா? சுழலும் திசையை வைத்துக் கொஞ்சம் நெருங்கலாம். புடைத்த பக்கம்தான் விமானத்தின் முன்பக்கம். அதைப் பார்த்து நின்று ஒரு பிளேடை மேலே நிமிர்த்துங்க. தடித்த விளிம்பு உங்கள் வலப்பக்கம் இருந்தால், பைலட் பார்வையில் அது இடஞ்சுழி. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் அப்படித்தான் சுற்றும். அமெரிக்க எஞ்சின்கள் பெரும்பாலும் வலஞ்சுழி.

பிட்ச் என்பது, ஒரு சுற்றுக்கு ஸ்க்ரூ மாதிரி எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு. மையத்திலிருந்து நுனி வரையுள்ள தூரத்தில் 75 சதவீதத்தில் கோணத்தை அளங்க. அந்த ஆரத்தின் சுற்றளவை டேன் மதிப்பால் பெருக்கினால் போதும். 2 மீட்டர் விட்டம், 18 டிகிரி என்றால் ஏறக்குறைய 1.53 மீட்டர். முதல் செமஸ்டர் ட்ரிக்னாமெட்ரிக்கு ஒருவழியா வேலை வந்துடுச்சு.

போலியும் நிறைய உண்டு. நிஜமானது பலகைகளை அடுக்கி ஒட்டியது. ஓரத்தில் அடுக்குக் கோடுகள் தெரியும். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி இரும்புத் தட்டு அழுத்திய தடம் இருக்கும். அலங்காரத்துக்குச் செய்ததில் ஓட்டையே புதுசு மாதிரி இருக்கும். நுனியில் பித்தளைத் தகடு இருந்தால் அதில் ஊசித் துளைகள் இருக்கான்னு பாருங்க. உள்ளே புகுந்த ஈரம் சுழலும்போது வெளியேறத்தான் அந்தத் துளைகள். சும்மா அழகுக்குச் செய்கிறவர் அந்த வேலையை எதுக்குச் செய்யப் போகிறார்?

எழுத்து மங்கியிருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை ஹப்பின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்து போட்டோ எடுங்க.