சம்பளம் இல்லை, சரி; கடிதமாவது உண்டா?

நான்காம் பருவத் தேர்வு முடிகிற சமயத்தில் கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஏறக்குறைய ஒரே மாதிரியான செய்திகள் சுற்றும். சமூக சேவை இன்டர்ன்ஷிப், வீட்டிலிருந்தே செய்யலாம், முடித்தால் சான்றிதழ், நன்றாகச் செய்தால் பரிந்துரைக் கடிதம். கீழே ஒரு கூகுள் படிவம். என்ன வேலை என்று இருக்காது, யார் மேற்பார்வை என்றும் இருக்காது. நிரப்பி அனுப்பினால் மறுநாளே தேர்வாகிவிட்டதாக வாழ்த்து வரும். நேர்காணலே இல்லாமல் வருகிறவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்கிற இடம், எதற்காகச் சேர்த்துக்கொள்கிறது?

வேலை என்னவென்று சில நாளில் தெரிந்துவிடும்: நிதி திரட்ட வேண்டும். ஆளுக்கு ஓர் இலக்கு. அத்தை, மாமா, பள்ளிக்கூட ஆசிரியர், அப்பாவின் அலுவலக நண்பர் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் இணைப்பை அனுப்பி வசூலிக்க வேண்டும். இலக்கைத் தொட்டால் சான்றிதழ், தொடாவிட்டால் இல்லை. நிதி திரட்டுவது மதிப்புள்ள திறன்தான். எந்தத் தொண்டு நிறுவனமும் அது இல்லாமல் நடக்காது. ஆனால் திட்டம் எழுதுவது, நன்கொடையாளரிடம் பேசுவது, கணக்குக் காட்டுவது எதையும் சொல்லித் தராமல் மாணவரின் உறவுக்காரர்களை மட்டும் கறப்பதைப் பயிற்சி என்று எப்படி ஏற்பது? கமிஷன் இல்லாத வசூல் ஏஜென்ட் வேலை அது.

இதில் மாணவருக்கே ஆபத்து ஒன்று உண்டு. 'இப்போதைக்கு உங்கள் ஜிபேயில் வாங்கி, மொத்தமாக அனுப்பிவிடுங்கள்' என்பார்கள். அனுப்பவே கூடாது, வாங்கவும் கூடாது. பிறகு ஒருவர் ஏமாற்றிவிட்டார்கள் என்று சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தால், பணம் போய்ச் சேர்ந்த முதல் கணக்கு உங்களுடையது. வங்கி முடக்குவது அதைத்தான். நன்கொடை நேராக நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். 80ஜி வரிச்சலுகை உண்டென்று சொல்லி வாங்கினால், கொடுத்தவருக்கு 10பிஇ என்ற சான்றை அந்த நிறுவனம் தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகையே கிடையாது. இந்த விவரம் தெரியாத ஒருங்கிணைப்பாளர் உங்களை வசூலுக்கு அனுப்புகிறார் என்றால் யோசியுங்கள்.

பதிவுக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை என்று உங்களிடமே பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுத்து ஏமாந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் சொன்ன பயிற்சியைத் தரவில்லை என்றால் வேறு வழி. காசு கொடுத்துச் சேவை வாங்கியவர் என்ற முறையில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர் என்று வாதாடலாம். 1915 உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மாணவர்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்பதற்குக் காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட இளநிலை மாணவர் இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதல், நான்காம் பருவத்துக்குப் பிறகு 2 முதல் 4 கிரெடிட் வரை பயிற்சியைச் சேர்க்கச் சொல்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். அதாவது 60 முதல் 120 மணி நேரம். தமிழ்நாட்டிலும் பல பாடத்திட்டங்களில் இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் இது வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பேரை அனுப்ப வேண்டிய கல்லூரி, எங்கே அனுப்புவது என்பதை மாணவரிடமே விட்டுவிடுகிறது. லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் வந்தால் போதும் என்ற நிலை வந்தால், லெட்டர்பேட் விற்கிறவர்கள் முளைக்கத்தானே செய்வார்கள்? அந்த மணிக்கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிரெடிட்டுக்காக வந்தவரை ஆறு மாதம் முழுநேரம் உட்காரச் சொல்கிற இடம், படிப்புக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கேட்கிறது.

நல்ல இடங்களும் இருக்கின்றன. அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒரு மாதம் இருந்தால் பொருள்களைப் பதிவேட்டில் ஏற்றுவது, பழைய இதழ்களை ஸ்கேன் செய்யப் பிரித்து அடுக்குவது, கண்காட்சிக்குக் குறிப்பு எழுதுவது என்று வகுப்பறையில் கிடைக்காதது கிடைக்கும். நாடகக் குழு, ஆவணப்படக் குழு, கோத்தகிரியில் பழங்குடி மக்களோடு வேலை செய்யும் கீஸ்டோன் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் என்று தேடினால் பட்டியல் நீளம். சமூகப்பணி படிக்கிறவர்களுக்குக் களப்பணி என்ற பெயரில் இது பல காலமாக ஒழுங்காக நடக்கிறது. களத்திலும் கல்லூரியிலும் மேற்பார்வையாளர் உண்டு, வாராவாரம் அறிக்கை உண்டு. விஸ்காம், வரலாறு, தமிழ், ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட கட்டுமானம் இல்லை.

நல்ல இடங்களிலும் பெரும்பாலும் ஸ்டைபண்ட் இருக்காது. காரணம் எப்போதும் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கு ஒதுக்கக்கூடிய உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் தான் பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடுத்தது. பெரிய அமைப்பின் நிழலில் நின்ற சிறிய அமைப்புகள் வறண்டுபோயின. அரசு மட்டும் கொடுக்கிறதா என்ன, நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப்புக்கே சம்பளம் கிடையாது. பிரான்சில் இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம். இங்கே அப்படி ஒரு விதி இல்லை.

சட்டம் பணம் பேசுவது பயிலுநர் பயிற்சியில்தான். 1961ஆம் ஆண்டு பயிலுநர் சட்டத்தின் கீழ் பதிவு செய்த ஒப்பந்தத்தோடு சேர்ந்தால் உதவித்தொகை உரிமை. 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரிகளுக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக வைத்தன. பட்டம் முடித்த கலைப் பிரிவினருக்கும் இது பொருந்தும். இந்தப் பயிற்சிக்கான தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2024இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அறிவித்தபோதே முழுநேரக் கல்லூரி மாணவர்களை அதில் சேர்க்கவில்லை.

ஆக, சம்பளமில்லாமல் போவதென்றால் போகலாம். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்து விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் கைக்காசில் பார்த்துக்கொள்கிறவருக்கும், அண்ணாநகரில் சொந்த வீட்டிலிருந்து வருகிறவருக்கும் இந்த 'போகலாம்' ஒன்றல்ல என்பதைக் கலைத்துறைக்காரர்கள் ஒத்துக்கொள்ளக் கூசுகிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளைகள் நாளைக்குக் காட்சிக்கூடம் நடத்துவார்கள் என்பது இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் குறையை மாணவர் தனியாகத் தீர்க்க முடியாது. அவரால் முடிவது, முதல் நாளுக்கு முன்னால் ஒரு கடிதம் வாங்குவது.

ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை, ஸ்டைபண்ட் உண்டா இல்லையா, களத்துக்குப் போனால் பயணச் செலவு யாருடையது, சான்றிதழுக்கு என்ன நிபந்தனை. விபத்துக் காப்பீடு பற்றியும் கேளுங்கள். மலையிலும் குப்பத்திலும் அலைய வேண்டிய வேலைக்குக் கல்லூரியின் குழுக் காப்பீடு செல்லுமா என்பதைத் துறைத்தலைவரிடம் விசாரித்துவிடுவது நல்லது. கடிதமெல்லாம் வழக்கமில்லை என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். 'நேற்று பேசியபடி இன்ன தேதி முதல் இன்ன வேலைக்கு வருகிறேன்' என்று நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டு, கல்லூரி ஆசிரியருக்கும் நகல் வையுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே உங்கள் கையில் இருக்கும் சாட்சி. அசல் மதிப்பெண் சான்றிதழ் கேட்டால் கொடுக்காதீர்கள். நகல் காட்டினால் போதும்.

கடிதத்தில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு வரி, செய்த வேலை யாருக்குச் சொந்தம் என்பது. நீங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தின் கதைப்புத்தகத்துக்குப் படம் வரைந்தீர்கள். மாதம் முடிந்தது. அடுத்த ஆண்டு அதே படம் நாட்காட்டியில், கைப்பையில் வருகிறது. பெயர் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி படைத்தவரே முதல் உரிமையாளர். பணி ஒப்பந்தத்திலோ பயிலுநர் ஒப்பந்தத்திலோ செய்த வேலை என்றால் உரிமை முதலாளிக்குப் போகும். காசு வாங்கிக்கொண்டு கேட்டபடி எடுத்த புகைப்படமும் வரைந்த ஓவியமும் கேட்டவருக்குப் போகும். ஒப்பந்தமும் இல்லை, காசும் இல்லை என்றால் உங்கள் வாதம் வலுவானது. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவதற்குமுன் இது தெரிந்திருக்க வேண்டும்.

உரிமையை விற்ற பிறகும் படைத்தவரின் பெயரைப் போட வேண்டும், படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை 57ஆவது பிரிவில் மிஞ்சியிருக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் சொன்னது. காத்திருந்த காலத்தைப் பார்த்தால் ஆறுதல் குறைவுதான். ஆனாலும் பெயர் போடுங்கள் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும் மாணவருக்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்கும்.

பாலியல் தொல்லை விஷயத்தில்தான் தவறான நம்பிக்கை அதிகம். 'நான் ஊழியர் இல்லையே, யாரிடம் சொல்ல?' என்று பல பெண்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் ஊழியர் என்பதற்குள் ஊதியம் வாங்கியோ வாங்காமலோ, தன்னார்வமாகவோ வேலை செய்பவர், பயிற்சியாளர், பயிலுநர் எல்லோரையும் சேர்த்திருக்கிறது. தொண்டு நிறுவனம், சங்கம், அறக்கட்டளை அத்தனையும் பணியிடம். வேலை நிமித்தம் போன கிராமமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். சின்ன நாடகக் குழுவில் நான்கு பேர்தான், அல்லது தொல்லை கொடுத்தவரே நிறுவனர் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். ஷி-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் புகார் அனுப்பலாம்.

கல்லூரி இதில் கை கழுவ முடியாது. மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் வளாகம் என்பதற்குள் இன்டர்ன்ஷிப் நடக்கும் இடத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. 'அது வெளியில் நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று கல்லூரியின் குழு சொன்னால் அந்த வரியைக் காட்டுங்கள். ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும்கூட இலக்காகலாம் என்பதை இந்த விதிமுறைகள் ஏற்கின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் புகாரை மட்டுமே எடுக்கும். கலை உலகில் குருபக்தி என்ற திரை வேறு தொங்குகிறது. 2023இல் சென்னை கலாக்ஷேத்ராவில் மாணவர்கள் பாலியல் தொல்லைப் புகார்களோடு போராட்டத்தில் இறங்கிய பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனிக் குழு வந்தது.

மாணவரே சட்டத்தை மீறிவிடும் சந்தர்ப்பமும் உண்டு. குழந்தைகள் இல்லத்தில் பயிற்சி. கடைசி நாளில் பிள்ளைகளோடு எடுத்த படம் இன்ஸ்டாகிராமில். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். அங்கே ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைச் சொன்னால், 'நிறுவனம் பார்த்துக்கொள்ளும்' என்று விட முடியாது. போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 1098க்கும் சொல்லலாம்.

நிறுவனம் உண்மையானதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. நிதி ஆயோக்கின் தர்பன் தளம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் பதிவான நிறுவனமென்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம், வெளிநாட்டு நிதி வாங்குவதாகச் சொன்னால் உள்துறை அமைச்சகத்தின் பட்டியல். தர்பனில் பெயர் இருப்பது நற்சான்று ஆகாது. பழைய இன்டர்ன் இருவரோடு போனில் பேசினால் தெரிவது அதைவிட அதிகம்.

வழக்கு, வக்கீல் என்று போக வேண்டி வந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பாலியல் தொல்லைப் புகாருக்கு மட்டும் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் கெடு; தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சான்றிதழ் கைக்கு வரட்டும், உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஏறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் அதிகம். மே மாதம் நடந்ததற்கு ஆகஸ்டிலேயே கெடு முடிந்துவிடும். ஐந்தாம் பருவம் அப்போதுதான் சூடுபிடித்திருக்கும்.