ஊர் கூடிக் கட்டும் மண் இருக்கை

களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்துக் கட்டும் முறைக்கு இங்கிலாந்தில் ‘காப்’ என்று பெயர். அங்குள்ள டெவன் வட்டாரத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்படிக் கட்டிய வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1990களில் இந்த முறை புத்துயிர் பெற்றது. அங்கே போர்ட்லண்ட் நகரில், 1996இல் தொடங்கிய ‘சிட்டி ரிப்பேர்’ அமைப்பின் முயற்சியால், தெருமுனைகளிலும் தோட்டங்களிலும் அக்கம்பக்கத்தார் கூடிக் கூரையுள்ள மண் இருக்கைகளைக் கட்டியிருக்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாததால் குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை எல்லோருக்கும் இதில் வேலை உண்டு.

முதல் வேலை இடம் பார்ப்பது. மழைநீர் தேங்காத மேடான இடமாக, மர வேர்களிலிருந்தும் நிலத்தடிக் குழாய்களிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். பொது இடமென்றால் நகராட்சி அனுமதியும், தனியார் நிலமென்றால் உரிமையாளர் சம்மதமும் முன்னதாகவே வாங்க வேண்டும். கட்டிய பிறகு ஆண்டுதோறும் யார் பராமரிப்பது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

அடுத்து மண் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் படியும். அதன்மேல் வண்டல் படியும். களிமண் படிந்து தண்ணீர் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அடுக்குகளின் கனத்தைப் பார்த்தே எவ்வளவு மணல் சேர்க்க வேண்டும் என்று கணிக்கலாம். பிறகு சில கலவைகளில் சிறு கட்டிகள் பிடித்துக் காயவைக்க வேண்டும். வெடிப்பு விட்டால் களிமண் அதிகம். விரல் பட்டதும் உதிர்ந்தால் மணல் அதிகம்.

மண் இருக்கைக்குப் பகை தண்ணீர். அது கீழிருந்து ஏறாமலிருக்க, பள்ளம் தோண்டி ஜல்லி நிரப்பி, அதன்மேல் கருங்கல்லோ உடைந்த கான்கிரீட் துண்டுகளோ கொண்டு ஏறத்தாழ 30 செ.மீ. உயரப் பீடம் எழுப்புகிறார்கள். மேலிருந்து வரும் மழையைக் கூரை தடுக்கிறது. கூரையின் பாரம் ஈர மண்மீது விழக்கூடாது. எனவே தனி அடித்தளமுள்ள மரத்தூண்களே அதைத் தாங்க வேண்டும். சாரல் படாதபடி இருக்கைக்கு வெளியே எல்லாப் பக்கமும் அரை மீட்டராவது கூரை நீண்டிருக்க வேண்டும். கூரையை முதலில் போட்டுவிட்டால் வேலை நடக்கும்போதே நிழலும் கிடைக்கும், மழைக்கும் பயமில்லை.

இரண்டு மீட்டர் நீளத்தில் சாய்மானத்தோடு கட்ட, பீடம் போக ஏறக்குறைய அரை கன மீட்டர் கலவை வேண்டும். அதன் எடை ஒரு டன்னை நெருங்கும். அதனால் ஆள்பலத்தைக் கணக்குப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். தார்ப்பாயில் மண்ணையும் மணலையும் கொட்டி, நாலைந்து பேர் வெறுங்காலால் மிதிக்க, ஒருவர் வைக்கோலைத் தூவிக்கொண்டே வருவார். தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கலவை மொத்தமாகச் சுருண்டு புரள வேண்டும், அதுதான் பக்குவம். ஒரு நாளில் 30 செ.மீ. உயரத்துக்கு மேல் ஏற்றினால் ஈரமண் பிதுங்கிச் சரியும். தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கை அமைந்தால் உட்கார வசதி.

போர்ட்லண்டில் கோடை வறண்டிருக்கும் என்பதால் மே, ஜூன் மாதங்களில் கட்டி, கோடை முழுவதும் காயவிடலாம். நன்றாகக் காய்ந்த பிறகே மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ பூச வேண்டும். சிமெண்ட் பூச்சு கூடாது. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். டெவனில் சிமெண்ட் பூசிய பழைய மண் சுவர்கள் பல, உள்ளே ஈரம் சேர்ந்து பலமிழந்து சரிந்திருக்கின்றன.

ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்புகளை அடைத்து, தேய்ந்த பூச்சைப் புதுப்பித்துவந்தால் மண் இருக்கை பல்லாண்டு நிற்கும். பராமரிக்க ஆள் உறுதியான பிறகே மண்வெட்டியை எடுப்பது உத்தமம்.