இரவல் துப்பாக்கியும் ஒரு பென்சிலும்

ஜொகூர் பாருவில் நின்று தெற்கே பாருங்கள். காஸ்வே ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும், அந்தக் கோடியில் சிங்கப்பூர். 1943-இல் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் ஒரு சர்க்காரில் சேரப் போனார்கள். கையில் ஒரு பிடி மண்கூட இல்லாத சர்க்கார் அது! ஆனால் படை இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள், தேசிய கீதம் இருந்தது.

நேதாஜியின் சீருடை, "டில்லி சலோ" முழக்கம், அணிவகுப்பு எல்லாம் படங்களில் பார்த்துப் பழகியவை. எனக்கு எப்போதும் ஆசை அந்த மேடையின் பின்பக்கம்தான். பிரகடனத்தை யார் டைப் அடித்தது? துப்பாக்கி எங்கிருந்து வந்தது? சேலை கட்டிய பெண்கள் எப்படி அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள்? தேடத் தேட எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சுவாரசியம். வாருங்கள், திரையை விலக்கிப் பார்ப்போம்.

முதலில் சேலை. 1943 ஜூலை 9-ஆம் தேதி சிங்கப்பூர் பாடாங் திடலில் பெருங்கூட்டம். பெண்களுக்கும் ஒரு படை வேண்டும், ஜான்சி ராணியின் பெயரில் வேண்டும் என்கிறார் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அடுத்த சில நாளில், ஜூலை 12-ஆம் தேதி, பெண்களுக்கென்று தனிக்கூட்டம். அதற்கு அவர் வரும்போது துப்பாக்கி ஏந்திய பெண்களே மரியாதை கொடுத்தால் எப்படி இருக்கும்? இந்த எண்ணம் வந்ததும் ஓட ஆரம்பித்தவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னைப் பெண், சிங்கப்பூரில் மருத்துவமனை வைத்திருந்தவர். வீடு வீடாகப் பேசி இருபது பேரைத் திரட்டிவிட்டார்!

அந்த இருபது பேரில் முன்பின் துப்பாக்கி தொட்டவர்கள் யார்? சீருடை தைக்க நேரமில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். போஸின் படையிலிருந்து இரவல் வாங்கிய .303 துப்பாக்கி ஒவ்வொன்றும் நான்கு கிலோ கனம். சிப்பாய்கள் சொல்லிக்கொடுக்க, தூக்கு, இறக்கு, நேராகப் பிடி என்று ஒரே பயிற்சி. தோள் வலித்திருக்கும், சேலை தடுக்கியிருக்கும். கூட்டத்தன்று போஸ் வந்து நின்றபோது இருபது துப்பாக்கியும் மரியாதைக்கு உயர்ந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். லட்சுமி தம் மருத்துவமனையை விட்டுவிட்டு முழுநேரமாக இந்த வேலையில் இறங்கினார். அக்டோபர் 22-இல் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது.

அதற்கு முந்தைய நாள்தான் சர்க்கார் பிறந்தது. அதன் பின்பக்கம் இன்னும் அருமை! அக்டோபர் 21-ஆம் தேதி கத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் பிரகடனத்தை வாசிக்க வேண்டும். அதை எழுதும் வேலை கடைசி நேரம்வரை இழுத்துவிட்டது. கடலோரத்தில் போஸின் மேயர் ரோட்டு வீடு. நள்ளிரவு தாண்டிய பிறகு போஸ் காகிதக் கட்டையும் பென்சிலையும் எடுத்து உட்கார்கிறார். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் எஸ்.ஏ. ஐயர். ராய்ட்டர் நிருபராக இருந்த தமிழர் அவர், சீக்கிரமே மந்திரி ஆகப்போகிறவர்! ஒரு பக்கம் முடிந்ததும் போஸுடன் இருந்த ஆபித் ஹசனோ என்.ஜி. சுவாமியோ அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஐயர் அடிப்பார். அடுத்த பக்கம் வரும். எழுதியவர் பழைய பக்கத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை, ஒரு வார்த்தை அடித்துத் திருத்தவும் இல்லை என்று ஐயர் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். பொழுது விடியும் நேரத்தில் ஒரு தேசத்தின் பிரகடனம் தயார். காலனி ஆட்சிக்கு எதிரான சாசனம் கருங்கல்லில் செதுக்கியதுபோல் நமக்குத் தெரிகிறது. அது பென்சிலில் எழுதியது, தூக்கம் கெட்டு டைப் அடித்தது!

இனி நம் பக்கம், தோட்டத்துப் பக்கம். மலாயாவில் போஸின் படையில் சேர்ந்த சிப்பாய் அல்லாத மக்கள் ஏறத்தாழ 18,000 பேர் என்பார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் பால்மரத் தொழிலாளிகள். விடியுமுன் பெரட்டில் நின்று கிராணி பேர் கூப்பிடக் கேட்டவர்கள், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்கள். அவர்களிடம் ஒருவர் வந்து, உன் கையில் துப்பாக்கி தருகிறேன், நீ சுதந்திரப் படைவீரன் என்றார். அந்த மனிதருக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்!

ஆசை மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஜப்பான்காரன் காலம் அது. ரப்பர் விலை போகவில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. சயாம் மரண இரயிலுக்கு ஆள் பிடிக்கத் தோட்டம் தோட்டமாக லாரி வந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. படை முகாமுக்குப் போனால் அந்த லாரியிலிருந்து தப்பலாம் என்று போனவர்களும் உண்டு. அப்படிப் போனவர்களையும் நான் வீரர் என்றுதான் சொல்வேன். பிழைக்கப் போன இடத்தில் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

முகாமுக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. கட்டளை எல்லாம் இந்துஸ்தானி, வந்திருப்பவர்கள் தமிழ்ப் பிள்ளைகள்! அதனால் இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்களே அதிகம், பலருக்கு எழுத்தே தெரியாது. பகலில் துப்பாக்கி, கைக்குண்டு, பிரென் கன். அதோடு சேர்த்துப் பாடமும் உண்டு. சேலை போய்க் காக்கி வந்தது. நீண்ட பின்னலைக் கத்தரித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து அம்மா ஒருத்தி தன் மகளை அந்தக் கோலத்தில் முதன்முதலாகப் பார்த்திருப்பாளே, அந்தக் கணத்தை எந்தப் புகைப்படக்காரரும் எடுத்து வைக்கவில்லையே என்று எனக்கு ஒரே ஆதங்கம்.

வசதியான வீடுகளிலும் கலகம்தான். கோலாலம்பூரில் பதினெட்டு வயது ஜானகி தேவர், போஸ் பேச்சைக் கேட்ட இடத்திலேயே காதிலிருந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்! படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பாவோ பிடி கொடுக்கவில்லை. கடைசியில் லட்சுமியே வீட்டுக்குத் தேநீருக்கு வந்து உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. ஒரு ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை தேநீர்க் கோப்பையோடு நடந்திருக்கிறது! அந்தப் பெண் பிறகு படையின் துணைத் தளபதி ஆனார்.

இதே நீரிணையை அதற்கு 28 ஆண்டுகள் முன்னால் வேறு இந்தியச் சிப்பாய்கள் எதிர்த்திசையில் கடந்தார்கள். அதைச் சொல்லாமல் ஜொகூரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. சிங்கப்பூர் அலெக்சாண்டிரா முகாமில் இருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி கிளர்ந்தெழுந்தது. கப்பலேற்றித் துருக்கிச் சுல்தானுக்கு எதிராகச் சண்டைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சுப் பரவியிருந்தது. உண்மையில் கப்பல் ஹாங்காங் போக இருந்தது. கதர் (Ghadar) புரட்சி இயக்கத்தின் காற்றும் வீசிய காலம் அது. கிளர்ச்சி சிதறியதும் பலர் நீரைக் கடந்து ஜொகூருக்குள் ஓடினார்கள். இங்கே காத்திருந்தது சுல்தான் இப்ராகிமின் படை. அவர் பிரிட்டிஷாருக்குத் துணை நின்றார், ஓடிவந்தவர்கள் பிடிபட்டார்கள். சிங்கப்பூர் ஊட்ரம் சிறைச் சுவரின் முன்னால், கூட்டம் வேடிக்கை பார்க்க, 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சர்க்காரும் இல்லை, மரியாதை கொடுக்க இருபது பெண்களும் இல்லை.

1945-க்கு வருவோம். ஆகஸ்டில் போஸ் சிரம்பானில் இருந்தார். ரஷ்யாவும் போரில் இறங்கிவிட்டது, ஜப்பான் சரணடைகிறது என்ற செய்தி அங்கேதான் அவருக்கு வந்து சேர்ந்தது. 12-ஆம் தேதி காரில் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். ஜொகூரைத் தாண்டாமல் சிங்கப்பூர் போக முடியாது. எல்லாம் முடியப்போகிறது என்று தெரிந்த ஒரு கார், பால்மரக் காடுகளுக்கு நடுவே தெற்கே பறந்திருக்கிறது.

14-ஆம் தேதி இரவுதான் எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்த இரவு. அன்று போஸுக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆனால் ஜான்சி ராணிப் படைப் பெண்கள் அன்று நாடகம் போடுகிறார்கள், ராணி லட்சுமிபாயின் கதை! போகாமல் இருப்பாரா? போய் உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான வீரர்கள் சுற்றிலும். மேடையில் வாள் சுழற்றியவர்கள் நிஜத் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற பெண்கள். மறுநாள் நண்பகல் ஜப்பான் மன்னரின் குரல் வானொலியில் சரணாகதியைச் சொன்னது.

அந்தக் கடைசி நாள்களில் போஸின் பெரிய கவலை அந்தப் பெண்களைக் கையில் பணம் கொடுத்துப் பத்திரமாக வீடு சேர்ப்பது. இன்னொரு வேலையும் மிச்சமிருந்தது. சிங்கப்பூர் எஸ்பிளனேடில் படைவீரர் நினைவுச் சின்னத்துக்கு ஜூலை 8-இல் அடிக்கல் மட்டும் நாட்டியிருந்தார்கள். தம் படையின் கர்னல் ஸ்ட்ரேசியைக் கூப்பிட்டார். பிரிட்டிஷார் வந்து இறங்குவதற்குள் முடிக்க முடியுமா? முடியும் என்றார் ஸ்ட்ரேசி. 16-ஆம் தேதி போஸ் பாங்காக்குக்கு விமானம் ஏறிவிட்டார். சிங்கப்பூரில் கலவையும் கல்லும் இரவு பகலாக ஏறிக்கொண்டிருந்தன. தோற்றுப்போன படை, சம்பளம் வருமா தெரியாது, நாளை சிறையா தூக்கா தெரியாது. ஆனாலும் கட்டினார்கள்! செப்டம்பர் 5-இல் பிரிட்டிஷ் துருப்புகள் வந்து இறங்கியபோது சின்னம் எழுந்து நின்றது, ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று சொற்களோடு. அதே மாதத்தில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-இல் சிங்கப்பூர் அரசே அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை நிறுத்தியது.