மனோன்மணீயம்: ஏட்டினின்று திரைக்கு

செய்யுள் நாடகமொன்று திரைப்படமாகுங்கால் எது உடன் செல்கின்றது, எது ஏட்டிலேயே நின்றுவிடுகின்றது என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம், 1942-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தாரால் 'மனோன்மணி' என்னும் பெயரில் படமாக்கப்பெற்றது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய அப்படத்தில் பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் தலைமை மாந்தராக நடித்தனர்.

மனோன்மணீயம் ஐந்து அங்கமும் இருபது களமும் உடையது; ஏறத்தாழ 4500 அடிகளால் இயன்றது. ஓர் அடியை ஓதுதற்கு நான்கு நொடி எனக் கொள்ளினும் முழு நூலையும் ஓத ஐந்து மணி நேரம் வேண்டும். எனவே, திரைக்கு வரும்போது சுருக்குதல் தவிர்க்க இயலாதது. எதனைச் சுருக்குவது என்பதே வினா.

கதையை வைத்துக்கொண்டு செய்யுளைக் குறைத்தலே எளிய வழி. கனவிற் கண்ட காதல், குடிலனின் சூழ்ச்சி, சுருங்கை வழி, நள்ளிரவில் மணமாலை ஆகிய இவையெல்லாம் காட்சிக்கு மிக ஏற்றவை. ஆயின் ஒன்று கருதத்தக்கது. இக்கதைக்கரு லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் ஆங்கிலக் கவிதைக் கதையினின்று பெறப்பட்டது. சுந்தரனாருக்கே உரியவை செய்யுள் நடையும், சீவகன் முதலிய மாந்தரிடத்துப் பொதிந்துவைத்த தத்துவ உட்பொருளும், தனிமொழிகளுமே. நாங்கூழ்ப் புழுவின் உழைப்பை நடராசன் வியந்து நிற்குமிடத்தைப் படக்கருவி எவ்வாறு காட்டும்? புழுவைக் காட்டலாம், அவன் வியப்பைச் சொல்லே காட்டல் வேண்டும். ஆகவே, கதையை மட்டும் கொள்வோர் ஆசிரியர் கடனாகப் பெற்றதைக் கொண்டு, அவர்தம் சொந்தப் பொருளை விட்டுவிடுகின்றனர் என்க.

செருமானியர் இச்சிக்கலை இருவகையாக எதிர்கொண்டனர். முர்னோ 1926-இல் எடுத்த 'ஃபவுஸ்ட்' ஊமைப்படம். அதில் ஒளியும் நிழலுமே பேசின. 1960-இல் பீட்டர் கோர்ஸ்கி இயக்கிய 'ஃபவுஸ்ட்' படமோ, குஸ்டாஃப் க்ருண்ட்கென்ஸ் ஹாம்பர்க் அரங்கில் நிகழ்த்திய நாடகத்தை அடியொற்றியது. மேடையை மறைக்காமல் மேடையாகவே காட்டி, கெதேயின் செய்யுளை நடிகர் வாயிலேயே நிற்கச் செய்தது. நெடிய செய்யுளும் திரையில் வாழக்கூடும் என்பதற்கு இஃதொரு சான்று.

படமெடுத்தோர்மீது குறை கூறுதல் எம் கருத்தன்று. சுந்தரனாரே தம் நூலைப் படித்தற்குரிய நாடகமாகவே படைத்தார். எனினும், வகுப்பறையிலும் நாம் கதைச் சுருக்கத்தோடு அமைந்துவிடின், திரை விட்டதையே நாமும் விட்டவராவோம். அந்நூலின் பாயிரத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதி 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாக அரசு விழாக்களில் ஒலிக்கின்றது. 2021-இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. கதையின்றியும் நாட்டார் நாவில் நிலைத்தது அச்செய்யுளே. எனவே, மனோன்மணீயத்தை மீண்டும் அரங்கிலோ திரையிலோ கொணர முயல்வோர் செய்யுளினின்றே தொடங்குதல் தகும் என்பது எம் துணிபு.